தொடாமல் பார்ப்பவருக்கு

கண்ணு,

மண்ணைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்தக் கற்றுக்கொண்டாய். சூளையிலிருந்து உன் பெயர் சொல்லும் கலங்கள் வெளியே வரத் தொடங்கிவிட்டன. இப்போது கண்காட்சிக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கப் போகிறேன், படம் எப்படி எடுப்பது என்று கேட்கிறாய். ராயபுரத்து மாடியறை ஒன்றில் மற்றவர்களின் கலங்களைப் படம் பிடித்தே தலை நரைத்தவன் இந்த மாமா. எனக்குத் தெரிந்ததை வரிசைப்படுத்திச் சொல்கிறேன். கேமராவைப் பற்றிக் குறைவாகவும் உன்னைப் பற்றி அதிகமாகவும் இருந்தால் கோபித்துக்கொள்ளாதே.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் போட்டுக்கொள். நடுவர் உன் கலத்தைத் தொடப் போவதில்லை. கையில் ஏந்தி எடை பார்க்கவோ, விரலால் சுண்டி ஓசை கேட்கவோ, கவிழ்த்து அடியைத் தடவவோ அவருக்கு வழியில்லை. முதல் சுற்றில் அவர் முன்னால் திரையில் வருவது படம் மட்டும்தான். நூற்றுக்கணக்கான படங்களுக்கு நடுவே சில நொடிகள் அதில் அவர் கண் நிற்கும். நீ விரலால் அறிந்ததை அவர் கண்ணால் அறிய வேண்டும். அதற்குச் சாட்சி சொல்ல நீ அனுப்பும் ஆள்தான் படம்.

1. படம் எடுப்பதற்கு முன் பார். கலம் சூளையிலிருந்து வந்த அன்றே கேமராவைத் தூக்காதே. இரண்டொரு நாள் அது உன் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும். சாப்பிடும்போது எதிரே வை, தண்ணீர் ஊற்றிக் குடி, காலையில் ஒரு பக்கம் மாலையில் ஒரு பக்கம் திருப்பி வை. கொசப்பேட்டையில் கொலுப் பொம்மை செய்கிறவர்களுக்கு முகம் எந்தப் பக்கம் என்ற கேள்வியே இல்லை. கண் எழுதியதும் முகம் வந்துவிடுகிறது. வட்டமான ஜாடிக்கு அப்படி இல்லை. ஆனாலும் அதற்கும் ஒரு முகம் உண்டு. கிளேஸ் வழிந்து நின்ற இடம், நெருப்பு நக்கிய பக்கம், உன் கட்டைவிரல் அழுந்திய தோள் என்று எங்காவது ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் எடுத்த படத்தை எந்த லென்ஸும் காப்பாற்றாது. ஒரு ஜாடியைச் சுற்றிச் சுற்றி முப்பது நாற்பது படம் எடுத்துக்கொண்டு வந்து, எதை அனுப்புவது என்று என்னிடம் கேட்கிற பிள்ளைகள் உண்டு. அவர்களிடம் நான் படத்தைக் கேட்பதில்லை, ஜாடியைக் கொண்டுவா என்பேன். பேசிக்கொண்டே அரை மணி நேரம் அதைத் திருப்பிப் பார்த்த பிறகு எந்தப் பக்கம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

2. வெளிச்சத்தை உன் ஊரிடமிருந்து கற்றுக்கொள். வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் எடு, அங்கே நேர் வெயில் வராது, ஒளி மென்மையாக இருக்கும் என்று புத்தகங்கள் சொல்லும். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அது சரி. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பதின்மூன்று பாகையில். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் நம் தலைக்கு வடக்கே நகர்ந்துவிடுகிறது. அந்த மாதங்களில் காலையும் மாலையும் வடக்கு ஜன்னல் வழியாகச் சாய்வாக வெயில் விழும். நாள் முழுதும் நேர் வெயில் படாமல் இருப்பது தெற்கு ஜன்னல்தான். செப்டம்பர் கடைசியில் நிலைமை மாறும், பிறகு புத்தகம் சொல்லும் வடக்கு ஜன்னலுக்குப் போகலாம். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மேசையை இழுத்து இழுத்துப் போட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நீ எங்கே வேலை செய்தாலும் ஒரு வருஷம் அந்த அறையின் வெயிலைக் கவனி. சுவரில் பென்சிலால் குறித்து வை.

நம் பக்கம் கடல் கிழக்கே இருக்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை எந்த மாடியில் ஏறினாலும் காலை வெயில் தடையில்லாமல் முகத்தில் அறையும். அந்த வெயிலில் ஜாடியை வைத்தால் ஒரு பக்கம் வெளுத்துப் போகும், மறு பக்கம் கறுத்துப் போகும், நடுவில் இருக்கிற வடிவம் காணாமல் போகும். வேறு இடம் கிடைக்கவில்லையா? வெள்ளை வேட்டியை ஒற்றையாக்கி ஜன்னலில் கட்டு. துவைத்துத் துவைத்துப் பழுப்பேறிய வேட்டி வேண்டாம், அந்தப் பழுப்பு படத்திலும் ஏறும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் பலகையை நிறுத்தினால் நிழல் பக்கமும் கொஞ்சம் விழிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கிடக்கும் நாட்கள் உனக்குக் கிடைத்த வரம். ஊர் மழையை நொந்துகொண்டிருக்கும்போது நீ மொட்டைமாடிக் கொட்டகை ஓரத்தில் நாள் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சத்தில் வேலை செய்யலாம். சுடுமண்ணின் சிவப்பு அப்போது தெரிவதுபோல் வேறு எப்போதும் தெரியாது.

3. இரண்டு வெளிச்சத்தைக் கலக்காதே. ஜன்னல் வெளிச்சம் போதவில்லை என்று டியூப்லைட்டையும் போட்டால் கலத்தின் ஒரு பக்கம் நீலமாகவும் மறு பக்கம் பச்சையாகவும் சாயும். நம் கண் அதைச் சரிசெய்துகொண்டு பார்க்கும், கேமரா செய்யாது. சாம்பல் அட்டை ஒன்று வாங்கி, முதல் படத்தில் கலத்தின் பக்கத்தில் வைத்து எடு. பிறகு கணினியில் அந்தச் சாம்பலைச் சாம்பலாக ஆக்கினால் மற்ற நிறங்களும் தம் இடத்துக்கு வந்துவிடும். அறைச் சுவருக்குப் பச்சை அடித்திருந்தால் அதுவும் வெள்ளைக் கலத்தில் ஒட்டிக்கொள்ளும், மறந்துவிடாதே. நீ போட்டிருக்கும் சிவப்புச் சட்டைகூட ஒட்டும்.

4. துடை. வடசென்னையில் வளர்ந்த உனக்கு இதை விளக்கவே தேவையில்லை. துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாண்ட காலத்தில் ராயபுரத்து மாடிகளில் கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-இல் அது அங்கே நின்றது, நிலக்கரி எண்ணூர்ப் பக்கம் போனது. நமக்குக் குறைந்தது அங்குள்ளவர்களுக்குக் கூடியது. அத்திப்பட்டு, எண்ணூர் வீடுகளில் சாம்பலும் கரித்தூளும் இன்றைக்கும் திண்ணையில் படிகின்றன. அந்தத் தூசி கண்ணுக்குத் தெரியாமல் உன் வெள்ளை கிளேஸின் மேலும் உட்காரும். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது கறும்புள்ளிகளாக எழுந்து நிற்கும், நடுவர் அதைச் சூளைக் குறை என்று நினைப்பார். கிளேஸ் போட்ட கலத்தை ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த மெல்லிய துணியால் கைரேகையை எடு. கிளேஸ் இல்லாத சுடுமண்ணை நனைக்காதே. திட்டுத்திட்டாக நிறம் மாறும், காய நேரமாகும். மிருதுவான தூரிகை போதும். கடல் காற்று லென்ஸுக்கும் பகை. மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வை, இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் கண்ணாடியில் பூஞ்சை படரும்.

துடைப்பது சின்ன வேலை என்று நினைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். படத்தைக் கணினியில் திறந்து ஒவ்வொரு புள்ளியாக அழித்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். துணியால் ஒரு நிமிஷத்தில் முடிவதைப் பிறகு செய்துகொள்ளலாம் என்று தள்ளுகிற பழக்கம் மண்ணைப் பிசையும்போதும் இருக்கும். அங்கே அது காற்றுக்குமிழாகத் தங்கிச் சக்கரத்தில் கலத்தின் சுவரைக் கெடுக்கும்.

5. கலத்துக்கு நகை போடாதே. செவ்வந்திப் பூ வேண்டாம், பட்டுத் துணி வேண்டாம், பழைய மரப்பெட்டியும் வேண்டாம். காசிமேட்டில் கட்டுமரத்தின் மேல் ஜாடியை வைத்து, பின்னால் சூரியன் எழ ஒரு பெண் எடுத்த படம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அழகான படம். ஆனால் கடலையும் மரத்தையும் வலையையும் பார்த்து முடித்த பிறகுதான் ஜாடி கண்ணில் பட்டது. சுவரில் மாட்ட அது நல்லது, நடுவருக்கு ஆகாது.

திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் புற்று மண் திருமேனி என்பது உனக்குத் தெரியும். ஆண்டு முழுதும் கவசத்துக்குள் இருக்கிறவருக்குக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டும் கவசம் களைகிறார்கள். அந்த மூன்று நாளில் வந்து குவிகிற கூட்டம் மண்ணைப் பார்க்கத்தான் வருகிறது. உன் கலத்தையும் அப்படிக் காட்டு. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் பெரிய தாளாக வெளிர் சாம்பல் நிறத்தில் கேள், அதிகச் செலவாகாது. சுவரிலிருந்து மேசைக்கு மடிப்பில்லாமல் வளைத்து இறக்கு. பின்னணி மேலே சற்று இருண்டும் கீழே வெளுத்தும் இருந்தால் கலம் காற்றோடு நிற்பதுபோல் தெரியும். கலத்தைத் தாளின் பின் ஓரத்திலிருந்து தள்ளி முன்னால் வைத்தால் அந்தச் சாயல் தானாக வரும். வெள்ளைக் கலத்துக்கு வெள்ளைத் தாள் போடாதே, ஓரம் கரைந்துவிடும். எல்லாக் கலத்துக்கும் ஒரே பின்னணி வை.

உதவித்தொகைக்கான விண்ணப்பத்தில் மட்டும் வேலை நடக்கும் இடத்தையும் சூளையையும் காட்டும் படங்களுக்கு இடம் இருக்கலாம். அங்கே உன் ஊர் வரட்டும், கொள்கலன் லாரியும் அனல்மின் நிலையப் புகைபோக்கியும் பின்னால் தெரிந்தால் மறைக்காதே. கலத்தின் படத்தில் கலம், இடத்தின் படத்தில் இடம். இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டும் கெடும்.

6. கிட்டே போகாதே, தள்ளி நில். கைபேசியை ஜாடியின் முகத்தருகே நீட்டி எடுத்தால் வயிறு உப்பி அடி சூம்பிவிடும். நீ சக்கரத்தில் பாடுபட்டுக் கொண்டுவந்த அளவு கெட்டுவிடும். பின்னால் நகர்ந்து, இரண்டு மடங்கு மூன்று மடங்கு என்று தொலைவை இழுக்கும் லென்ஸில் எடு. கேமராவாக இருந்தால் எஃப் 8 அல்லது 11-இல் வைத்து, ஐஎஸ்ஓவை 100-க்குக் குறைத்து, ஸ்டாண்டில் பூட்டி, டைமரில் விடு. முன் விளிம்பும் பின் விளிம்பும் தெளிவாக இருக்கும். உயரம் முக்கியம். கலத்தின் வாய் மெல்லிய நீள்வட்டமாகத் தெரிகிற அளவுக்கு மட்டும் மேலிருந்து பார். வாய் தெரியாவிட்டால் அது தட்டையான நிழலுருவம், அதிகம் தெரிந்தால் நிற்கும் வடிவம் போய்விடும். கிண்ணத்துக்கு இன்னும் கொஞ்சம் மேலே போகலாம், அதன் உயிர் உள்ளே இருக்கிறது.

7. பளபளப்பைப் பார்த்துப் பயப்படாதே. கிளேஸில் ஜன்னல் தெரிகிறதே என்று எல்லாப் பிரதிபலிப்பையும் கொன்றுவிட்டு, ரப்பர் பந்துபோல் ஒரு படத்தைக் கொண்டுவருவார்கள். பளபளப்பு இருந்தால்தான் கிளேஸ் கண்ணாடியாக உருகியது என்று தெரியும். வேண்டியது ஒரே ஒரு மெல்லிய, நீண்ட ஒளிக்கோடு. அது தோளிலிருந்து வயிற்றுக்கு வழுக்கி இறங்கினால் வளைவை அதுவே வரைந்து காட்டிவிடும். ஜன்னல் கம்பிகள் கலத்தில் சிறையாகத் தெரிந்தால் வேட்டியை இன்னொரு மடிப்புப் போடு. வெள்ளை கிளேஸுக்குக் கறுப்பு அட்டை இரண்டைப் பக்கங்களில் நிறுத்து, ஓரம் எழுந்து நிற்கும்.

8. பொய் சொல்லாதே. மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே. எனக்குத் தெரிந்த ஒரு பையன், நல்ல கைக்காரன். பெரிய தாழி ஒன்றைச் செய்தான். சூளையில் கழுத்தோரம் மயிரிழை விரிசல் விட்டது. கணினியில் அதை அழித்துவிட்டுப் படத்தை அனுப்பினான். தேர்வானது. தாழியை அனுப்பு என்று கடிதம் வந்த நாளிலிருந்து அவன் முகத்தில் களையே இல்லை. பெட்டியைத் திறந்தவர்கள் வழியில் உடைந்ததென்று நினைக்கவில்லை, பழைய விரிசல் என்பது மண்ணைத் தெரிந்தவர்களுக்குப் பார்த்ததுமே தெரியும். தாழி திரும்பி வந்தது. அதன் பிறகு அந்த வட்டாரத்தில் அவன் பெயர் வரும்போதெல்லாம் ஒரு சின்ன மௌனமும் கூடவே வந்தது. அந்த விரிசலோடேயே அனுப்பியிருந்தால் ஒருவேளை தேர்வாகாமல் போயிருக்கும், அவ்வளவுதானே. அடுத்த வருஷம் வேறு தாழி செய்திருப்பான்.

எது பொய், எது திருத்தம் என்று கேட்பாய். நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. கலத்தையும் படத்தையும் ஒரே வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வை. படத்தைக் கலத்தின் பக்கம் கொண்டுவருகிற எந்த வேலையையும் செய்யலாம். வெளிச்சத்தைச் சரிசெய், சாய்ந்ததை நிமிர்த்து, பின்னணித் தாளின் கறையை நீக்கு. கலத்திடம் இல்லாததைப் படத்துக்குக் கொடுத்தால் கை எடு. நீலத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினால் நன்றாக இருக்குமே என்று கை பரபரக்கும்போது எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வா. விண்ணப்பத்தில் எழுதுவதிலும் இதே கணக்குத்தான். மண்ணைக் கலந்தது யார், சூளை யாருடையது, ஆசிரியர் கை எவ்வளவு பட்டது என்பதைக் கேட்ட இடத்தில் கேட்டபடி எழுது. பட்டறையில் ஆசிரியர் வனைந்ததற்கு நீ கிளேஸ் போட்டிருந்தால் அது உன் கலம் ஆகாது.

9. அளவைச் சொல். படத்தில் குடுவையும் குதிரும் ஒரே உயரம். கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த பானைகளை ஆய்வாளர்கள் எடுத்த படங்களைப் பார், பக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அளவுகோல் இருக்கும். அந்தப் பானைகளைத் தொட முடியாதவர்களுக்காகத்தான் அந்த அளவுகோல். நடுவருக்கு அனுப்பும் படத்தில் அளவுகோல் வைக்கும் வழக்கம் இல்லை, கையால் பிடித்துக் காட்டுவதையும் பலர் விரும்புவதில்லை. அதனால் எழுத்தில் சொல். உயரம், அகலம், ஆழம் எல்லாவற்றையும் சென்டிமீட்டரில், உண்மையான அளவில் எழுது. எந்த மண், எந்த வெப்பம், விறகா எரிவாயுவா மின்சாரமா என்பதையும் எழுது. ஐயனார் குதிரையின் உயரமும் மானாமதுரைக் கடத்தின் தடிமனும் அவற்றின் அழகில் பாதி. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய் ஒரு நாள் முழுக்க ஈமத்தாழிகளின் முன் நின்று பார், அளவு என்றால் என்ன என்று முதுகெலும்புக்குப் புரியும்.

10. படங்கள் ஒரு குடும்பமாகப் போகட்டும். ஐந்து படம் கேட்டால் ஐந்து ஊர்க் கலங்களை அனுப்பாதே. எனக்கு எல்லாம் தெரியும் என்று காட்டும் ஆசை இளையவர்களுக்கு இருக்கும். டீக் கோப்பை ஒன்று, சிற்பம் ஒன்று, ராக்கு முறையில் சுட்ட கிண்ணம் ஒன்று, விளக்கு ஒன்று என்று அடுக்குவார்கள். நடுவருக்கு அது ஐந்து பேரின் வேலையாகத் தெரியும். நீ இப்போது எதைத் தேடிக்கொண்டிருக்கிறாயோ அதையே ஐந்து கோணத்தில் காட்டு. ஐந்தையும் ஒரே வரிசையில் திரையில் வைத்துத் தள்ளி நின்று பார். ஒன்று மற்றதைக் கீழே இழுத்தால் அதை எடுத்துவிட்டு, இருப்பதில் நல்லதின் நெருக்கப் படத்தை வை. பலமானதை முதலில் வை, அடுத்த பலமானதைக் கடைசியில். உனக்குப் பிடித்த ஒன்றை எடுக்க மனம் வராது. முதன்முதலாக வெடிக்காமல் வந்தது, அம்மா மெச்சியது என்று ஏதோ ஒரு கதை அதற்கு இருக்கும். கதை உன்னிடம் இருக்கட்டும்.

11. கடைசி நாளை நம்பாதே. 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் நம் கரையை ஒட்டிப் போனபோது வடசென்னையில் மின்சாரமும் இணையமும் நாட்கணக்கில் இல்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து வீடுகளுக்குள் படிந்தது. விண்ணப்பக் கெடு நமக்காகக் காத்திருக்காது. நம் கார்த்திகை மழை தெரியாதவர்கள்தான் தேதி குறிக்கிறார்கள். ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடு. அசல் கோப்பை ரா வடிவில் வைத்துக்கொள், அனுப்புவதை எஸ்ஆர்ஜிபி நிறத்தில் ஜேபெக் ஆக்கு. அவர்கள் கேட்ட பிக்சலும் கேட்ட பெயரும் கேட்ட அளவும் எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். சின்னப் படத்தைப் பெரிதாக இழுக்காதே. இன்னொரு பிரதி தரைத்தளத்தில் இல்லாத உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

குயவனுக்கு ஆறு மாதம், தடிகாரனுக்கு அரை நாழிகை என்பார்கள். அதனால் கலம் விற்பதற்கு முன், பரிசாகப் போவதற்கு முன், பூனை தள்ளுவதற்கு முன் படம் எடு. விற்ற ஜாடியைத் தேடி வாங்கியவர் வீட்டுக்குப் போய், அவர்கள் அதில் ஊன்றிய மணிபிளான்டைப் பிடுங்கச் சொல்லிக் கேட்பது சங்கடம்.

12. படம் எடுக்கிறவரை மதி. உன்னால் முடியாவிட்டால் தெரிந்தவரிடம் போ, அதில் குறைச்சல் இல்லை. 1850-இல் பிராட்வேயில் கலைப் பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர்தான் அந்தப் பத்தாண்டிலேயே இந்த ஊரில் புகைப்படச் சங்கத்துக்கும் வித்திட்டவர். மண்பாண்டமும் கேமராவும் நம் ஊரில் கிட்டத்தட்ட ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள். அந்தப் பள்ளிதான் இன்று எழும்பூர் அருகே அரசு கவின் கலைக் கல்லூரியாக இருக்கிறது, சுடுமண் துறையும் அங்கே உண்டு. படம் எடுப்பவருக்குப் பேசிய கூலியைப் பேசிய நாளில் கொடு. விண்ணப்பத்திலும் விளம்பரத்திலும் அவர் பெயரைப் போடு. நண்பன்தானே என்று விடாதே. உன் ஜாடியைப் பெயரில்லாமல் யாராவது விற்றால் உனக்கு எப்படி இருக்கும்? எடுக்கும்போது பக்கத்தில் இரு. எங்கே முகம், எங்கே அடி என்று சொல்ல உன்னைவிட்டால் யாரும் இல்லை. ஆனால் வெளிச்சத்தை அவரிடம் விட்டுவிடு.

13. இல்லை என்று வரும். அநேகமாக முதலில் இல்லை என்றுதான் வரும். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் மண்டல மையம் இருக்கிறது, அங்கே நடக்கும் கண்காட்சிகளைத் தவறாமல் பார். மத்தியக் கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டுகள். அதற்கு மேல் 40 வயது வரை இளநிலை நல்கை, மாதம் 10,000 ரூபாய். மண்பாண்டமும் அதில் அடக்கம். 2018-இல் ஜெய்ப்பூரிலும் 2024-இல் டெல்லியிலும் இந்திய செராமிக்ஸ் டிரையன்னாலே நடந்தது. புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பட்டறையில் பயின்றவர்களின் வேலையை அங்கெல்லாம் பார்க்கலாம். தேர்வானவர்களின் படங்களைத் தேடிப் பார், பொறாமையோடு வேண்டாம், மாணவனாகப் பார். எங்கே நிற்கிறது வெளிச்சம், எவ்வளவு தள்ளி நின்றிருக்கிறார்கள், எதை விட்டிருக்கிறார்கள் என்று பார்.

நடுவர் யாரென்று விசாரித்து அவருக்குப் பிடித்ததைச் செய்யப் பார்க்காதே. அடுத்த வருஷம் வேறு ஆள் வருவார், உன்னிடம் இருப்பது யாருக்கும் பிடிக்காத அரைகுறை ஜாடியாக இருக்கும். மறுப்புக் கடிதம் வந்த அன்றைக்குப் படங்களைத் திறக்காதே. சில நாள் போகட்டும். பிறகு கலத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்துக் கேள்: குறை படத்திலா, கலத்திலா? படத்தில் என்றால் வேட்டியை மறுபடி கட்டு. கலத்தில் என்றால் சக்கரத்துக்குப் போ. அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் நிலைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். நடுவர்களைத் திட்டிக்கொண்டிருந்தவர்களில் பலர் மண்ணையே விட்டுவிட்டார்கள், அவர்களில் உன்னைவிடக் கைத்திறன் உள்ளவர்களும் இருந்தார்கள். அவர்களை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது.

14. கொசப்பேட்டைக்குப் போ. புரசைவாக்கத்துக்குப் பக்கத்தில் அந்தத் தெருக்களில் தலைமுறை தலைமுறையாக மண்ணில் வேலை செய்கிறார்கள். விநாயகர் சதுர்த்திக்கும் நவராத்திரிக்கும் ஊர் அவர்களைத் தேடி வருகிறது, மற்ற மாதங்களில் மறந்துவிடுகிறது. உனக்கு இருக்கும் கையைவிட முதிர்ந்த கைகள் அங்கே இருக்கின்றன. விருதுக்கும் கண்காட்சிக்கும் அனுப்ப ஒழுங்கான படம் அவர்களில் பலரிடம் இல்லை. விண்ணப்பங்கள் கேட்கிற ஆங்கிலமும் கணினியும் அவர்களுக்குப் பழக்கமில்லை. உன்னிடம் இப்போது வேட்டியும் சாம்பல் தாளும் ஸ்டாண்டும் இருக்கின்றன. சூளை வேலை ஓய்ந்த ஒரு நாள் போய்க் கேள்: ஐயா, உங்கள் வேலையைப் படம் எடுத்துத் தரட்டுமா? வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடு. சரி என்றால் உன் கலத்துக்குச் செய்த அத்தனையும் அவர் கலத்துக்குச் செய். எந்தப் பக்கம் முகம் என்று அவரிடம் கேட்டு எடு. அவர் பேரனின் கைபேசிக்கு எல்லாப் படத்தையும் முழு அளவில் அனுப்பு. கோப்பின் பெயரில் அவர் பெயரைப் போடு. அவரைக் கேட்காமல் அந்தப் படங்களில் ஒன்றைக்கூட உன் இணையப் பக்கத்தில் போடாதே.